பச்சை குத்தாத இடது தொடை

தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் ஃபுவாத்தினோ தந்தையின் இடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா வைஃபாலே ஒரு வெள்ளைக் கால்சட்டையோடு உள்ளே வந்தார். அவளுடைய தந்தை பெத்தாயா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. துணி நகர்ந்தது, கை நகர்ந்தது, அவ்வளவே.

இடுப்புக்கு மேலே முதுகில் பச்சை குத்திய படகு இருந்தது. அதன் கீழே குடும்பத்தைத் தாங்கும் கோடுகள். வலத்தொடையில் முழங்கால்வரை கறுத்த பின்னல். இடத்தொடை வெறுந்தோல்.

ஃபிஜியிலிருந்து இரட்டைச் சகோதரிகள் நீந்திக் கொண்டுவந்த கலை என்று சமோவா பாடுகிறது. தாயின் பேறுகால வலிக்கு மகன் செலுத்தும் ஈடு என்று பெருமை பேசுகிறது. பேசட்டும். பச்சை குத்தும் பாயைவிட்டுப் பாதியில் எழுந்தவனுக்கு அந்த ஊர் என்ன கொடுத்தது? கோழை என்ற ஒரே சொல்லைக் கொடுத்தது. அதைப் பெத்தாயா நாற்பது ஆண்டுகள் கால்சட்டைக்குள் சுமந்தார். மற்றவர்கள் இடுப்புத்துணியை ஏற்றிக் கட்டிக் கடலில் இறங்க, அவர் மட்டும் கால்சட்டையோடு இறங்கினார்.

பச்சை குத்திய ஆணை, துணியைத் தொடைவரை ஏற்றிக் கட்டித்தான் அவ்வூரில் பார்வைக்குக் கிடத்துவார்கள்.

"தலைவருங்க வந்துட்டிருக்காங்க. இந்தக் கால்சட்டையை மாட்டிவிடு, அம்மாடி. செத்தப்புறமாவது அவனைப் பாத்து யாரும் சிரிக்க வேணாம்."

மாட்டமாட்டேன் என்றாள் ஃபுவாத்தினோ. குடும்ப மானம் என்றார் பெரியப்பா. அவருடைய இரு தொடைகளும் பச்சையால் நிறைந்திருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடியாப் படுத்துத்தானே குத்திக்கிட்டீங்க? அப்பா மட்டும் ஏன் எழுந்தாரு?"

வைஃபாலே கால்சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்குக் குத்துன புண்ணு சீழ் வச்சிருச்சு. நினைவு தப்பிருச்சு. உங்கப்பன்தான் ராத்திரியில தோள்ல போட்டுப் படகேத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தா, தம்பி வலி தாங்காம ஓடிட்டான், அண்ணன் தேடிப் போனான்னு ஊரு பேசுது. என்னைத் திரும்பப் படுக்கவச்சு முடிச்சாங்க. ஓடுனவனைத் தொடமாட்டேன்னுட்டாரு குத்துறவரு."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னா பாதியில பாய் கலைஞ்சது என்னால, கோழைங்கிற பேரு எனக்குன்னு ஆயிருக்கும்."

"அப்பா ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கலை. கேலிதான் பண்ணுவான். 'என் கால்சட்டையப் பாத்து மீனெல்லாம் பாதிரியாருன்னு கும்பிடுது அண்ணே'ம்பான்."

ஃபுவாத்தினோ சிரிக்கவில்லை. வெள்ளை இடுப்புத்துணியை எடுத்து, தந்தையின் தொடைவரை ஏற்றிக் கட்டினாள்.

தலைவர்கள் வந்து தூணுக்கொருவராக அமர்ந்தார்கள். மூத்தவரின் பார்வை வெறுந்தொடையில் நின்றது. அவர் இரங்கலுரையைத் தொடங்குமுன், மரபை மீறி, வைஃபாலே எழுந்தார்.

"இந்தத் தொடை வெறுமையா இருக்கிறது என்னால" என்றார். மேலே சொல்லவும் செய்தார். முழுவதையும் சொன்னார்.

மூத்தவரின் பார்வை வெறுந்தொடையைவிட்டு வைஃபாலேயின் தொடைகளுக்குப் போனது. பெத்தாயாவின் இடது முழங்காலில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஃபுவாத்தினோ அதை விரட்டினாள். அது திரும்பவும் வந்தது.