பகடை கையை விட்ட பிறகு

லாயிட்டுக்குக் கப்பலில் வேலை கிடைக்க வேண்டுமென்றால் நான் சூதாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆனது.

லாயிட் என் தம்பி. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி கவுன்டரில் நின்றவன். சுற்றுலாக் கப்பல்களில் காசினோ இருக்குமாம். அங்கே மேசையை நடத்தி, ஜெயித்தவர்களுக்குக் கொடுத்து, தோற்றவர்களிடம் வாரும் டீலர் வேலைக்குப் படித்தான். ஆள் எடுக்கும் ஏஜென்சியின் தேர்வில் ஒரு முறை தோற்றுவிட்டான். இரண்டாவது வாய்ப்பு சனிக்கிழமை. மூன்றாவது கிடையாது.

"எதுலடா போச்சு?" என்று கேட்டேன்.

"கணக்குலக்கா."

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை. கணக்கு என்றதும் சரி என்றுவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பச்சைப் படுக்கை விரிப்பைப் போட்டு, சாக்பீஸால் கட்டங்கள் வரைந்தான். பந்தயச் சில்லுகளுக்குப் பதில் கேரம் காய்கள். பகடை இரண்டில் ஒன்று லூடோவிலிருந்து வந்தது, மற்றது எங்கிருந்தோ. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்டா."

"பிராக்டிஸ்தானேக்கா. வீசு. எதிர்ல தலகாணில பட்டுத் திரும்பணும், அதான் ரூல்."

வீசினேன். தலையணையைத் தாண்டி பிரிட்ஜுக்கு அடியில் போயின. அம்மா ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்து தந்தாள்.

"சிலுவைக்குக் கீழ நம்ம ஆண்டவர் உடுப்புக்குச் சீட்டுப் போட்ட பசங்க செஞ்ச வேலை இது. சாப்பிடுற டேபிள்ல பண்ணுதுங்க ரெண்டும்," என்றாள். அம்மா பெயர் டோரீன். கம்பைக் கொடுப்பாள், கூடவே இதையும் சொல்வாள்.

விதிகளைச் சொன்னான். முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் தோல்வி. வேறு எது விழுந்தாலும் அந்த எண் மறுபடி வரும்வரை வீச வேண்டும். அதற்குள் ஏழு வந்தால் போச்சு.

"ஏழு வந்தா ஜெயம்னியே."

"அது ஃபர்ஸ்ட் வீச்சுல."

"அடுத்த வீச்சுல ஏழுக்கு என்ன ஆச்சு?"

"அக்கா, கேம் அப்படி. நீ கண்டுபிடிச்சதா நான் கண்டுபிடிச்சதா?"

அது போக, எந்த எண்ணின் மேலும் தனியாகப் பந்தயம் வைக்கலாம். ஆறின் மேல் வைத்து ஆறு விழுந்தால், வைத்த ஆறு ரூபாய்க்கு ஏழு ரூபாய் தர வேண்டும். ஐந்தின் மேல் என்றால் ஐந்துக்கு ஏழு. நான்கின் மேல் ஐந்துக்கு ஒன்பது. ஏன் அப்படி என்று நான் தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவனுக்கு ஏன் என்பது வேண்டியிருக்கவில்லை. விழுந்த கணத்தில் சரியான காய்களை என் முன்னால் நகர்த்தினான். நான் வேண்டுமென்றே ஒழுங்கற்ற தொகைகளாக வைத்துப் பார்த்தேன். ஒரு முறைகூடத் தப்பவில்லை.

புதன்கிழமை மாலை எழுந்து நின்றுவிட்டேன்.

"உனக்குக் கணக்கு என்னைவிட நல்லா வருது. அப்புறம் எப்படி ஃபெயிலான?"

ஒரு காயை மேசையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், முட்டி தேய பிரிட்ஜ் கீழ டைஸ் எடுத்துட்டிருக்கேன். சொல்லித் தொலை."

சொன்னான். தேர்வு வைத்தவர் குடித்த வாடிக்கையாளர் போல நடித்தாராம். பகடை கையை விட்டுப் பறந்த பிறகு ஒரு சில்லை எறிந்தாராம். அது ஜெயித்த எண்ணில் போய் விழுந்ததாம். அப்படி எறிந்தால் "நோ பெட்" என்று சொல்லிச் சில்லைத் திருப்பித் தள்ள வேண்டும், பணம் தரக்கூடாது.

"நீ என்ன பண்ண?"

"குடுத்துட்டேன்."

"ஏன்?"

"கத்துனாருக்கா. டேபிள தட்டித் தட்டிக் கத்துனாரு."

பேக்கரியிலும் அப்படித்தான். யாராவது குரலை உயர்த்தினால் கேக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்குவான். இது தெரிந்தும் நான் இத்தனை நாளாக அவனுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, அவனுக்குத் தேவை கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை, கத்துவதற்கு ஆள். லேபில் ஒரு வருடமாக என்னை சோனியா என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் ஸ்னேஹா. இன்னும் திருத்தவில்லை.

"கத்துக்கா," என்றான் லாயிட்.

பகடையை வீசிவிட்டு, அவை உருளும்போது ஆறின் மேல் ஒரு காயை வைத்தேன். ஆறு விழுந்தது.

"குடுங்க," என்றேன்.

"இதுவா கத்துறது? பிரேயர் பண்ற மாதிரி இருக்கு."

எனக்குத் தெரிந்த சண்டை ஒன்றுதான். சிவாஜிநகர் துணிக்கடைகளில் அம்மா போடுவது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"என்னய்யா, ஆள் பார்த்து ஏமாத்துறியா? மூஞ்சில என்ன எழுதியிருக்கு? கூப்பிடு உன் ஓனரை!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "அது நான் பேசுறதாச்சே?" என்றாள் அம்மா.

லாயிட்டின் கை தானாகக் காய்களின் பக்கம் போனது. "சாரிக்கா. இந்தா."

"குடுக்காதடா!"

"நீ நிஜமா கோவப்பட்ட மாதிரி இருந்துச்சு."

மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு முறையும் நான் தாமதமாக வைத்தேன், கத்தினேன், அவன் கொடுத்தான். தொண்டை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஒரு வழியாக "நோ பெட், மேடம்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிக் காய்களைத் தள்ளினான்.

"பாதி குடுக்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு?"

"ஒண்ணுமில்லாம எப்படிக்கா அனுப்புறது?"

விரிப்பைச் சுருட்டி அவன் மேல் எறிந்துவிட்டுப் படுக்கப் போனேன்.

சனிக்கிழமை அவனோடு போனேன். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் சின்ன ஹால். உண்மையான மேசை, ஒரே அளவில் இரண்டு சிவப்புப் பகடைகள். தேர்வு வைத்தவர் அச்யுத் என்பவர். லாயிட் தோற்றதும் இவரிடம்தான். மேசையைச் சுற்றி ஆள் போதவில்லை என்று, கூட வந்தவர்களையும் விளையாட நிற்கச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் சில்லுகள் கொடுத்தார்கள். நான் ஓரமாக நின்றேன்.

லாயிட் வெள்ளைச் சட்டையில் மேசைக்குப் பின்னால் நின்றான். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கைகள் சரளமாக ஓடின. அச்யுத் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது மேசையைத் தட்டுவாரோ என்று அவர் கையிலேயே கண் வைத்திருந்தேன்.

பகடை என் பக்கத்தில் நின்ற பையனிடம் போனது. அவன் அதைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தான். சும்மா நிற்பது நன்றாக இருக்காது என்று ஆறின் மேல் ஒரு சில்லை வைத்தேன். பையன் பிறகுதான் வீசினான். ஆறு விழுந்தது.

லாயிட் மற்றவர்களுக்குக் கொடுத்தான். என் சில்லை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினான்.

"நோ பெட், மேடம்."

எனக்குப் புரியவில்லை. "இல்ல, நான் முன்னாடியே வச்சேன்," என்றேன்.

"நோ பெட், மேடம்."

"டைஸ் அவர் கையில இருக்கும்போதே வச்சேன்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லாயிட் புன்னகைத்தான், பேக்கரிப் புன்னகை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையை ஓங்கித் தட்டினேன்.

"என்ன, ஆள் பார்த்து ஏமாத்துறியா? கண்ணு தெரியலயா? நாலு பேர் பார்க்க வச்சிருக்கேன், இல்லைங்கிற!"

அவன் காது சிவந்தது. கை அசையவில்லை.

"சாரி மேடம். நெக்ஸ்ட் ரோல் ப்ளீஸ்," என்று பகடையை அடுத்தவரிடம் அனுப்பினான்.

அச்யுத் சிரித்தேவிட்டார். தேர்வு முடிந்து எங்கள் இருவரையும் அழைத்தார்.

"நான் கத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவங்க ஆரம்பிச்சுட்டாங்க. என்னைவிட நல்லாப் பண்ணாங்க. யாரு இவங்க?"

"எங்க அக்கா சார்."

"அக்காவுக்கே குடுக்கல. செலெக்டட்." லாயிட்டின் கையைக் குலுக்கினார். மெடிக்கலுக்கு எப்போது வர வேண்டும் என்று சொன்னார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் அம்மா ஸ்தோத்திரம் சொல்வது எனக்கே கேட்டது. அவன் போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

"நான் வச்சது லேட் இல்லடா."

"விடுக்கா. அதான் கிடைச்சிடுச்சே."

"லேட்டா இல்லையா? நீ பார்த்தியா?"

"பார்க்கலக்கா."

"பார்க்கலயா?"

"ஆறு விழுந்ததும் உன் சிப் இருந்துச்சு. நீ எப்பவும் லேட்டாத்தான் வைப்ப. அதான் தள்ளிட்டேன்."

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சந்தோஷத்தில் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

பஸ் வந்தது. அவன் தாவி ஏறி, எனக்கும் சேர்த்து சீட் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையசைத்தான்.

"பன்னி மேடம், பேக பன்னி!" என்று கன்டக்டர் கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

"பரல்லா," வரமாட்டேன் என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. அடுத்த பஸ்ஸில் வருவதாக முடிவு செய்திருந்தேன்.