குப்பனூர் பஸ்ஸும் ஆஷ்லின் படித்த புத்தகங்களும்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாயங்கால பஸ், ஆஷ்லின் படிக்கும் புத்தகம் அவளுக்குப் பிடித்திருந்தால் மூன்றாவது கியரில் ஏறும், பிடிக்காவிட்டால் நின்றுவிடும். மெக்கானிக்குகள் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். நாகலூர்க்காரியான ஆஷ்லினுக்குச் சேலத்து மருந்துக்கடையில் வேலை. பஸ்ஸில்தான் படிக்க நேரம்.

பழைய புத்தகக் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்குவாள். பேய்க்கதை படித்த வாரம் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் தானாக அடித்தது. காதலன் செத்துப்போகும் நாவலுக்குச் சித்திரை வெயிலில் வைப்பர் ஓடியது. வாழ்க்கையில் முன்னேற வழி சொன்ன புத்தகம் பஸ்ஸைப் பின்னால் நகர்த்தியது. மிளகுக்கொடி வாடல் நோய் பற்றிய கையேட்டில் அவள் என்னத்தைக் கண்டாளோ, பஸ் வாழவந்தியில் நிற்காமலே பறந்தது; அங்கே இறங்க வேண்டியவர்கள் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள். அதிலிருந்து கண்டக்டர் அங்கப்பன் டிக்கெட் கிழிக்கும் முன் கேட்டுவிடுவார்.

“இது ஏறுமாம்மா?”

“பத்துப் பக்கம் தாண்டுனா ஏறுங்கண்ணா.”

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ஜெப்சனுக்கும் அவளுக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். வரும் ஞாயிறு சர்ச்சில் கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். அவன் சொந்தக் காசில் அச்சடித்த கவிதைப் புத்தகத்தை அவளுக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, நொம்ப நல்லாருக்குங்க என்று சொல்லிவைத்தாள். ஆளை அவளுக்கு மிகவும் பிடிக்கும். கவிதையைப் பிடிக்கவில்லை. அவன் அந்தப் பாராட்டை நம்பி, தன் கவிதைக்கு பஸ் எப்படி ஏறுகிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமை குப்பனூரில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“படிங்க,” என்றான்.

படித்தாலும் பொய் தெரிந்துவிடும், மறுத்தாலும் தெரிந்துவிடும். திறந்தாள். நிலாவைக் கூப்பிடும் முதல் வரியிலேயே பஸ் இருமியது. மூன்றாம் கவிதைக்கு வளைவில் நின்றது.

“டீசல் இல்லீங்களா?” என்று கேட்டான் ஜெப்சன்.

“டீசல் இருக்குதுங்க தம்பி,” என்றார் டிரைவர் முனியப்பன். “வேற என்னமோதான் இல்ல.”

பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த முத்தாயி, “அத மூடி வெச்சுரு கண்ணு. நான் ஊட்டுக்குப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்,” என்றாள்.

ஜெப்சனுக்குக் காது சிவந்தது. “பொய் சொன்னீங்களா?”

“ஆமாங்க. நெசத்தச் சொன்னா நீங்க ஓலைய நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்தேன்.”

அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தான். பிறகு, “மூடாதீங்க. முழுசாப் படிச்சுருங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் பஸ்ஸைத் தள்ளினான். மற்ற ஆண்களும் கவிதையைத் திட்டியபடி தள்ளினார்கள். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். அட்டைப்பூச்சியைப் பற்றிய கவிதைக்கு மட்டும் பஸ் விருட்டென்று ஓட, தள்ளியவர்கள் குப்புற விழுந்தார்கள். ஜெப்சன் மண்ணோடு எழுந்து, எத்தனையாவது பக்கம் என்று கத்திக் கேட்டான்.

ஞாயிறன்று ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. அந்தப் புத்தகத்தை இறக்கத்தில் படித்தால் பஸ் பதமாக இறங்குகிறது என்பதை முனியப்பன்தான் கண்டுபிடித்தார். இப்போது காலை பஸ்ஸில் ஆஷ்லின் அதைப் படிக்கிறாள். அவர் பிரேக்கில் கால் வைப்பதில்லை. தாள்கள் கிழிய ஆரம்பித்ததால் பஸ் முதலாளி தன் செலவில் இரண்டாம் பதிப்பு போடுகிறார். அட்டைப்பூச்சிக் கவிதையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.