அமானெத்

1

நான் எழுத உட்கார்ந்தது ஒரு சொல்லைப் பற்றிய இனிமையான கட்டுரை. அரபியிலிருந்து துருக்கியரோடு பால்கன் முழுக்கப் போன ‘அமானெத்’. பொஸ்னியாவில், நம்பி ஒப்படைத்த பொருள். நான் வசிக்கும் திமிஷ்வாராவில், ருமேனிய மொழியில், அடகு. அடகுக்கடைக் கண்ணாடியிலெல்லாம் இருக்கும். (தமிழில் அமானிதம் என்கிறோமே, அதுவும் இதுதான்.) ஒரே சொல் எல்லைகளைத் தாண்டி எப்படியெல்லாம் மலர்கிறது என்று—

பக்கத்து வீட்டு செனியா எட்டிப் பார்த்து, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். “மலருதா? எல்லாம் தெரிஞ்சுமா இப்படி எழுதுற?”

2

தெரியும். செனியா பொஸ்னியாக்காரி. சாகும்போது அவள் அண்ணன், ‘அமானெத்’ என்று சொல்லி, மகளுக்குக் கொடுக்கத் தன் அக்கார்டியன் வாத்தியத்தை இவளிடம் ஒப்படைத்தான். போன குளிர்காலத்தில் ஆஸ்திரியாவுக்கு ரொட்டிக்கடை வேலைக்குப் போனபோது, அதைக் கீழ்வீட்டு ருமேனியன் ட்ராகோஷிடம் விட்டுப்போனாள். “இது அமானெத். பத்திரம்.”

திரும்பி வந்தபோது அது இல்லை.

“நீதானேக்கா அமானெத்னு சொன்ன? அடகுக்கடையிலதான் வெச்சேன். கெடு தாண்டிருச்சு, வித்துட்டாங்க.”*

“அடகு வைக்கத்தான் சொன்னேன்னா, காசை ஏன் எனக்கு அனுப்பல?”

ட்ராகோஷ் கதவைச் சாத்தப் போனான்.

“இத்தனை வருஷம் என் வீட்ல சாப்பிட்டப்ப மட்டும் நான் பேசினது புரிஞ்சுதா?”

* கதாசிரியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்கிறேன்: பொய்.

3

[முதல் வரைவில் ட்ராகோஷ் நல்லவன். உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டவன். கட்டுரைக்கு அது வசதியாக இருந்தது.]

செனியா அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். “திருடினது அவன். வார்த்தை மேல ஏன் பழி போடுற?”

அவன் தேடிய சாக்கை நானே அழகான நடையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

4

அக்கார்டியனை வாங்கியவர் பெயரைச் சொல்ல முடியாது என்றார் அடகுக்கடைக்காரர். செனியா வெளியே வந்து, பையிலிருந்து மாவு சுரண்டும் தகட்டை எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த AMANET என்ற மஞ்சள் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள்.

“என்னம்மா பண்ற?” கடைக்காரர் ஓடிவந்தார்.

“இது எங்க அண்ணன் சாகறப்ப சொன்ன வார்த்தை. நீ கடைக்கு வேற பேரு வெச்சுக்க.”

நான்காவது எழுத்தில் போலீஸ் வந்தது. அபராதம் போட்டார்கள். ட்ராகோஷை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

5

அக்கார்டியன் கிடைத்துவிட்டதாக முடிக்கலாம்: எனக்கு அந்த உரிமை இல்லை. ட்ராகோஷ் அழுதான் என்று முடிக்கலாம்: அவன் அழவில்லை.

இப்போது பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். அண்ணன் மகள் அஸ்மிரா வருகிறாள். இரவல் வாத்தியத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, அப்பாவுடையதை வாங்கிப்போக வருகிறாள். செனியா வாயைத் திறக்க மறுக்கிறாள். நானும் இதற்கு மேல் எழுத மறுக்கிறேன்.

கதவு திறந்துவிட்டது. அவள் இறங்குகிறாள். நீங்கள் சொல்லுங்கள் அவளிடம்.