துடைத்த முகம்

மாமியார் அந்த டப்பாவைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா. மேலே ஒரு எழுத்துகூடக் கிடையாது.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. இன்னைக்கே பூச ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள கொஞ்சமாவது வெளுக்கும்."

"டாக்டர் இதைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை."

"டாக்டரா வந்து, உன் நாத்தனாரைப் பொண்ணு பார்க்க வர்ற சம்பந்தி முன்னாடி உக்காரப் போறாங்க? அந்தம்மாகிட்ட போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு? கண்ணாடியில பாரு."

மருமகள் பார்க்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சலவைக்கூடத்துச் சூட்டு உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் ஆவி பறக்க வாங்கி மடித்துவிட்டு, உச்சி வெயிலில் நடந்து வந்திருந்தாள். உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை. அதைப் பார்க்கிறவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது அந்த மங்கு. இரண்டு கன்னத்திலும், மேலுதட்டுக்கு மேலேயும், தேநீர் சிந்தித் துடைக்காமல் விட்டதுபோல. பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. எலுமிச்சைச் சாறு தேய்த்தாள், எரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று பற்பசைகூடப் பூசிப் பார்த்தாள். கடைசியில், தெருமுனை அழகு நிலையத்துக்காரி கலந்து கொடுக்கும் இந்த டப்பாவை மாமியாரே வாங்கிவந்தாள்.

முதல் மாதம் முகம் பளபளவென்று ஆனது. சலவைக்கூடத்தில் கூட்டாளிகள், "என்னடி, ராத்திரி பல்பை முழுங்கிட்டுப் படுத்தியா?" என்று கேலி செய்தார்கள். மாமியார் அந்த ஒரு மாதம் அவளைப் பெயர் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டாள். நான்காவது மாதம் கன்னம் சிவந்தது. அடுப்பருகே போனால் ஊசி குத்தியது. தோலுக்குள் மெல்லிய செந்நரம்புகள் தெரிந்தன. மங்கு முன்பைவிடக் கறுத்துத் திரும்பி வந்தது.

தோல் டாக்டர் அந்த டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

"போட்ட புதுசுல நல்லா பளபளன்னு இருந்திருக்குமே?"

"ஆமாங்க டாக்டர்."

"இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. முதல்ல பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சுபோகும். நிறுத்தினா சில வாரம் இன்னும் சிவந்து எரியும். பயந்துபோய்த் திரும்பப் பூசிடாதீங்க." பிறகு எழுதிக் கொடுத்தார்: காலையிலும் மதியமும் வெயில் தடுப்புக் களிம்பு, வெளியே போனால் குடை, எரிச்சல் அடங்கின பிறகு இன்னொரு மருந்து. "மங்குக்குக் கர்ப்பம் ஒரு காரணம். வெயிலும் சூடும் அதைக் கிளப்பிவிடும். ஆறு மாசமாவது பொறுக்கணும். தொத்து வியாதி இல்ல. வேலையை மாத்திக்க முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரும் வற்புறுத்தவில்லை.

நிறுத்தி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னபடியே முகம் சிவந்திருந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது குடும்பத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்று ஸ்டுடியோக்காரர் கணினியில் படத்தை ஓடவிட்டுக்கொண்டே கேட்டார்: "எல்லா மூஞ்சியையும் துடைச்சு விட்டுடவா?"

"பொம்பளைங்க மூஞ்சி மட்டும் போதும். அவருக்கு எதுக்கு?" என்றாள் மாமியார்.

மாமனார் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஜன்னல் பக்கக் கன்னம் முழுக்கக் கரும்புள்ளி, நெற்றியோரம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. படத்தில் அவர் இருக்கிறபடியே இருந்தார். மருமகளோ புதிதாகப் பூசி வழித்துவிட்ட சுவர் மாதிரி இருந்தாள். இப்போது அந்தச் சுவரோடு இந்த முகம் ஒத்துப்போக வேண்டும்.

"பூசலைன்னா விடு. அன்னைக்கு உனக்கு வேலைன்னு சொல்லிக்கிறேன். நீ சமையலறையை விட்டு வராதே. சின்னவ வாழ்க்கை இது" என்றாள் மாமியார்.

கணவன் சட்டைப் பித்தானைத் தேடிக்கொண்டே, "ரெண்டு மணி நேரம்தானே, இருந்துட்டுப் போயேன்" என்றான்.

இருந்துவிட்டால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. தன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு இடம் தட்டிப்போய்விட்டால்? சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, மாப்பிள்ளை. கூடத்திலிருந்து பேச்சு சமையலறைக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் ரொம்ப வருஷம் வண்டி ஓட்டினவங்களோ? பார்த்தாலே தெரியுது. வெயில்ல உழைச்ச மூஞ்சி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மாமனார் கூச்சத்தோடு சிரித்தார்.

"படத்துல இருந்தாங்களே, பெரிய மருமக? காணோம்?" இது மாப்பிள்ளையின் அம்மா.

"அவளுக்கு இன்னைக்கு வேலை. ஆஸ்பத்திரித் துணி, லீவே கிடையாது."

வீட்டில் இல்லாதவள் சமையலறையில் தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை எடுக்கக் கை நீட்டியபோது அலமாரியில் அந்த வெள்ளை டப்பா தட்டுப்பட்டது. இன்றோடு குப்பையில் போட்டுவிடலாம் என்று எடுத்தாள். கனமே இல்லை. திறந்தாள்.

அவள் நிறுத்தியபோது பாதிக்கு மேல் இருந்தது. இப்போது அடிவரை வழித்திருந்தது. ஓரத்தில் விரல் வளைத்த தடம், ஈரம் காயாமல்.

அப்போதுதான் கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவின் குரல்: "பொண்ணுக்கு என்ன ஒரு பளபளப்பு! படத்தைவிட நேர்ல நல்லா இருக்கியேம்மா!"

டாக்டர் சொன்ன அதே சொல். மருமகளின் கன்னம் தானாக எரிந்தது.

அவள் தட்டை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. கூடத்துக்குள் நடந்துபோய் ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்தாள்.

"இது..." என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"பெரிய மருமக நான்தாங்க. படத்துல இருக்கிறது நான்தான், மூஞ்சி மட்டும் ஸ்டுடியோக்காரர் போட்டது." நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இது என்ன, பரம்பரையா வர்றதா?" மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைக் காட்டினாள்.

"ரெண்டாவது பிள்ளை உண்டானப்ப வந்துச்சு. மீதி வெயிலும் வேலை பார்க்கிற சூடும். மாமா கன்னத்துல இருக்குதே, அதுவும் அதே வெயில்தான். அதுக்குப் பேரு உழைப்பு. இதுக்குத்தான் பேரு என்னன்னு தெரியலை."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி மாமனாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கை மெல்ல எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக இருக்கலாம்.

பிஸ்கட் தட்டு நிறைய அப்படியே இருந்தது. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். மாமியார் கதவைச் சாத்திவிட்டு, "குடும்பத்தைக் குழியில தள்ளிட்டியேடி" என்றாள். கணவன் ஜன்னலோரம் போய் நின்றான்.

நாத்தனார் மட்டும் சமையலறைக்குள் வந்தாள். குழாயடியில் இரண்டு கையாலும் முகத்தைக் கழுவினாள்.

"எப்ப இருந்து பூசுற?"

"நீங்க நிறுத்தினதுல இருந்து. அம்மாதான் வீணாப் போகுதேன்னு..." முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள். "எத்தனை நாள் எரியும் அண்ணி?"

"எனக்கு இன்னும் எரியுது. நீ மூணு வாரம்தானே பூசியிருக்க. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

வீட்டில் விளக்குப் போடும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மாமியாரின் முதுகு நிமிர்ந்தது. "அப்படிங்களா... ரொம்ப சந்தோஷங்க..." கையால் எல்லோரையும் கூப்பிட்டாள். பிறகு சிரித்தாள். "ஆமாங்க, அவ மருமகதானே, வெளியில இருந்து வந்தவ. எங்க ரத்தத்துல அதெல்லாம் கிடையவே கிடையாதுங்க!"

பக்கத்து நாற்காலியில் மாமனார் தலை குனிந்துகொண்டார்.

மாமியார் தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பினாள். "அவங்க பொண்ணுக்கும் மூஞ்சியில மங்காம். நம்ம சின்னவ என்ன பூசுறான்னு கேக்குறாங்க. அந்த டப்பா எங்கடி?"

நாத்தனார் கழுவிய முகத்தோடு முன்னால் வந்து, தொலைபேசிக்காகக் கையை நீட்டினாள்.

"குடும்மா, நான் சொல்றேன். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து, முதல்ல எங்க அண்ணி மூஞ்சியைப் பார்க்கச் சொல்றேன்."

மாமியார் கொடுக்கவில்லை. பொத்திய உள்ளங்கைக்குள்ளிருந்து, "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.