பால் வேண்டாத தேயிலை

உப்பளம் பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும் என்பது தனிஸ்லாஸுக்கு மாதக்கணக்காகத் தெரியும். போகாமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. மழை என்பார், கால் இன்னும் வலிக்கிறது என்பார், ஆலையில் கணக்கு முடிக்கிற நேரம் என்பார். அவர் மனைவி வேளாங்கண்ணி லேசில் விடுகிறவளா?

"கூட்டத்துல மிதிபட்டுச் செத்திருக்க வேண்டிய மனுஷன தூக்கிட்டுப் போயி காப்பாத்தியிருக்காங்க. ஒரு சீப்பு பழமாவது கொண்டுபோயி குடுத்தமா? கிறிஸ்மஸ் வருது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பூசைக்குப் போறது?"

"போறேன், போறேன்" என்றார் தனிஸ்லாஸ். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை.

அவர் பஞ்சாலை ஆபீஸில் எழுத்தர். ஆலையை நடத்தும் துரையின் பிரெஞ்சைத் தொழிலாளிகளுக்குத் தமிழாக்கிச் சொல்வதும், அவர்கள் தமிழைத் துரைக்குப் பிரெஞ்சாக்கிச் சொல்வதும் அவர்தான். ஆடி மாதம் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆலை வாசலில் நின்று துரையின் பேச்சைச் சொல்ல அவரை அனுப்பினார்கள். பாதி சொல்வதற்குள் போலீஸ் தடியோடு பாய்ந்தது. சனம் சிதறி ஓடியதில் மனிதர் கீழே விழுந்தார், கணுக்கால் முறிந்தது. ஏறி மிதித்துக்கொண்டு ஓடிய கூட்டத்திலிருந்து அவரை இழுத்துப்போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அரிகிருஷ்ணன், ராமலிங்கம் என்ற அண்ணன் தம்பி. இருவரும் அதே ஆலையில் நூற்பவர்கள். ஊருக்குள் போகும் வழியெல்லாம் போலீஸ் நின்றதால் மூன்று நாள் அவர்கள் வீட்டிலேயே கிடந்தார். அரிகிருஷ்ணன் மனைவி கமலவேணி பக்கத்து வீட்டில் தேயிலைத்தூள் கடன் வாங்கி, வெல்லம் போட்டு டீ கொடுத்தாள். "பால் இல்லீங்க முசியே" என்று, துரைமாரை அழைக்கிற மரியாதைச் சொல் போட்டு, ஒவ்வொரு தடவையும் கூசிக் கூசிச் சொன்னாள்.

இதுவரைக்கும் சரி. இதற்குமேல் நடந்ததை வேளாங்கண்ணியிடம்கூட அவர் சொல்லவில்லை.

கால் தேறி வேலைக்குப் போன அன்று துரை கூப்பிட்டுக் கேட்டார். "மூன்று நாள் அவர்களோடு தங்கியிருந்தாய். தூண்டிவிட்டது யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. சொல்ல மாட்டேன் என்றால் நீயும் அவர்கள் கட்சி என்றுதான் அர்த்தம்." தனிஸ்லாஸுக்கு யாரையும் தெரியாது. ஆலையில் அவருக்கு ஆட்கள் எல்லாம் வெறும் நம்பர்தான். பெயரோடு தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு பேர். வேலை போய்விடுமே என்று பயந்தார். மூத்தவன் பிள்ளைகுட்டிக்காரன், பாவம் என்று நினைத்தார். நினைத்து, இளையவன் பெயரைச் சொன்னார். அந்த நேரத்தில் அதை ஒரு தயவு என்றுகூட எண்ணிக்கொண்டார். மனுஷ மனசுக்குச் சாமர்த்தியம் அதிகம்.

மறுநாளே ராமலிங்கத்துக்குச் சீட்டுக் கிழிந்தது.

இந்த லட்சணத்தில் நன்றி சொல்ல என்ன வாங்குவது? வேட்டி புடவை எடுக்கச் சொன்னாள் வேளாங்கண்ணி. நூல் நூற்று வேலை இழந்தவனுக்குத் துணியா என்று அவருக்குத் தோன்றியது. பால் இல்லை என்று கூசிய கமலவேணியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பால் வேண்டாத தேயிலை ஒன்று இருக்கிறதே, அதை வாங்கலாம் என்று சைகோனம்மா வீட்டுக்குப் போனார்.

சைகோனம்மாவின் சொந்தப் பெயர் ஆனந்தமேரி. புருஷன் சைகோனில் சுங்க உத்தியோகம் பார்த்துச் செத்துப்போக, ஊருக்குத் திரும்பி வந்தவள். அங்கேயே தங்கிவிட்ட மகன் கப்பலில் வருகிறவர்களிடம் பட்டும் தேயிலையும் கொடுத்தனுப்புவான். தெரிந்தவர்களுக்கு வீட்டிலேயே வைத்து விற்பாள்.

"யாருக்குத் தம்பி?"

"கால் ஒடஞ்சப்ப பாத்துக்கிட்டவங்களுக்கு."

"அப்ப கண்டதையும் குடுக்கக் கூடாது" என்று மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள்.

முதல் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் தூள் நிறைய இருந்தது. அவளே வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். இரண்டாவது மல்லிகை வாசனை ஏற்றியது. தனிஸ்லாஸ் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

"தலையாட்டாத. பூ வாசனதான் தூக்கலா இருக்கு, எலையில ஒண்ணுமில்ல. இதப் பாரு, ஊலோங். சீனாக்காரன் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்து வைக்கிறது."

கருத்து முறுகிச் சுருண்ட இலைகள். ஒரு சிட்டிகை போட்டு வெந்நீர் ஊற்றி, அந்த முதல் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டாள். மறுபடி ஊற்றி மூடி வைத்துத் திறந்தபோது, சுருண்டு கிடந்தவை முழு முழு இலைகளாக விரிந்திருந்தன. நடுவில் பச்சை, ஓரத்தில் மட்டும் சிவப்பு. சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். வறுத்த வாசனை முதலில் வந்தது. குடித்து முடித்து வெகுநேரம் கழித்து நாக்கில் ஒரு இனிப்பு நின்றது.

"ஒரு தடவ போட்ட எலையில நாலு தடவ வெந்நி ஊத்திக் குடிக்கலாம்."

"பால்?"

"பால் ஊத்துறதா இருந்தா இத வாங்காத."

விலையைச் சொன்னாள். தனிஸ்லாஸ் பேரம் பேசவில்லை. இன்னும் கூடச் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். விலை கூடினால் மனசு லேசாகும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"இப்பிடிப் பாத்துப் பாத்து வாங்குறியே, ரொம்ப நல்ல மனுஷங்க போல" என்றாள் சைகோனம்மா.

"ஆமாம்மா" என்றார். லேசான மனசு வாசல் தாண்டுவதற்குள் பழையபடி கனத்துவிட்டது.

சிவப்பு டப்பாவோடு உப்பளத்துக்குப் போனபோது அண்ணனும் தம்பியும் வீட்டில்தான் இருந்தார்கள். அவரைக் கண்டதும் ராமலிங்கம்தான் முதலில் எழுந்து பாய் விரித்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வேறு எந்த ஆலையும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கப்பல் சரக்கு வரும் நாளில் கடற்பாலத்தில் மூட்டை தூக்கினான், மற்ற நாளில் சும்மா இருந்தான். பேசி வைத்திருந்த பெண்ணையும் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் கமலவேணி, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, குறைப்பட்டுக்கொள்ளாமல் சொன்னாள். ஒவ்வொன்றும் தனிஸ்லாஸுக்குச் செருப்படியாக விழுந்தது.

டப்பாவைக் கொடுத்து, காய்ச்சுகிற விதத்தைச் சொன்னார். "இதுக்குப் பால் வேணாம்மா" என்றார். கமலவேணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. புருஷனோடு உள்ளே போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

அரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தப்பா நெனைக்கக் கூடாது முசியே. இவ்ளோ ஒசந்த சாமான் எங்க வாய்க்கு எதுக்கு? தொரைக்குக் குடுத்தா நல்லா இருக்கும். தம்பிய ஒரு தபா கூட்டிட்டுப் போயி நீங்களே சொல்லுங்க. எவனோ புண்ணியவான் இவம் பேர சொல்லிட்டான். தொரை பாசையில எடுத்துச் சொல்ல எங்களுக்கு உங்கள விட்டா யாரு?"

"தொரை காப்பிதான் குடிப்பாரு" என்றார் தனிஸ்லாஸ். வாயில் வந்தது அதுதான்.

"தொரை வீட்டு மதாம் குடிப்பாங்க இல்ல?" என்றாள் கமலவேணி.

போகாமலிருக்க நூறு காரணம் கண்டுபிடித்த மனிதருக்கு அப்போது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒருவேளை இப்படியே எல்லாம் சரியாகிவிடுமோ என்று ஓர் ஆசையும் எட்டிப்பார்த்தது. துரை டப்பாவை வாங்கிக்கொண்டு சரி என்றுவிட்டால் ராமலிங்கத்துக்கு வேலையும் கிடைக்கும், தன் குட்டும் உடையாது. அந்த ஆசை அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விட மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனிஸ்லாஸும் ராமலிங்கமும் துரை வீட்டுக்குப் போனார்கள். ராமலிங்கம் வெளுத்த வேட்டி கட்டி, தலை வாரியிருந்தான். துரை தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராமலிங்கம் குனிந்து டப்பாவை மேஜைமேல் வைத்தான். துரை திறந்து முகர்ந்து புருவம் உயர்த்தினார்.

"முதல் தரமான சரக்கு. இவனுக்கு என்ன வேண்டுமாம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

தனிஸ்லாஸ் பிரெஞ்சில் சொன்னார். பெயர் ராமலிங்கம், நல்ல உழைப்பாளி, யாரையும் தூண்டிவிட்டவன் அல்ல, திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

துரை டப்பாவை மூடினார். "ராமலிங்கமா? இந்தப் பெயரை எனக்குச் சொன்னதே நீதானே. தூண்டிவிட்டவன் இவன்தான் என்று இதே வாயால் சொன்னாய். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா? அன்றைக்குச் சொன்னது பொய் என்றால் அவன் நாளைக்கே வேலைக்கு வரட்டும். பொய் சொல்கிற எழுத்தன் எனக்கு வேண்டாம், நீ வீட்டில் இரு."

ராமலிங்கத்துக்கு அதில் தன் பெயர் மட்டும்தான் புரிந்தது. துரை தன் பெயரைச் சொன்னதிலேயே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னா சொல்றாரு முசியே?"

யோசித்துச் சொல்கிறேன் என்கிறார் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இவன் நம்புவான், வீட்டில் போய்ச் சொல்வான், கமலவேணி கும்பிடுவாள். வேளாங்கண்ணியும் நிம்மதியாகப் பூசைக்குப் போவாள். இத்தனை வருஷத்தில் துரை பேச்சை அவர் மாற்றிச் சொன்னதே இல்லை. எத்தனையோ கொடுமையான பேச்சைக்கூட ஒரு சொல் குறையாமல் சொன்னவர்தான். தன்னைப் பற்றிய பேச்சு என்றதும் நாக்கு புரள்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

"ஒன் பேர அவருகிட்ட சொன்னதே நான்தான்னு சொல்றாரு" என்றார். "அன்னைக்கிச் சொன்னது பொய்யா, இன்னைக்கிச் சொல்றது பொய்யான்னு கேக்குறாரு."

மலர்ந்த முகம் எப்போது மாறியது என்று தனிஸ்லாஸ் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

"நீங்க என்னா சொல்லப்போறீங்க?" என்று கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை.

துரை பொறுமையில்லாமல் மேஜையைத் தட்டினார். கேட்டவர் அவர்தான், பதிலும் அவருக்குத்தான் போக வேண்டும். தனிஸ்லாஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்கிச் சொன்னதுதாம்ப்பா பொய்" என்று முதலில் தமிழில் சொன்னார்.