வெர்னாவின் சன்னலில் ஒரு குண்டு

“கொஞ்சம் திறந்திருக்கு, பாரு.”

“எங்க? போன சனிக்கிழமை இருந்த மாதிரியேதான் இருக்கு.”

“கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாரு ஃபிலிஸ். அவன் வண்டி இப்பத்தான் பாலத்தைத் தாண்டுது.”

சன்னலோரம் ஊறுகாய்ச் சீசாவுக்குள் கிடந்த செம்புத் துப்பாக்கிக் குண்டு, மேற்கிலிருந்து வந்த அந்த வண்டி பாலத்தைத் தாண்டிய அதே நேரத்தில் ஒரு நூலளவு வாய் திறந்தது. தபால் நிலையத்துக்காரி ஃபிலிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “ஆமா, திறக்குது. சரி, காபிய ஊத்து” என்றாள். வெர்னா ஊற்றினாள். ஐந்து வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் இதுதான் நடக்கிறது.

மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் இது புதிதல்ல. வேட்டைக் குண்டின் மூக்கில் சின்னக் குழி இருக்கும். ரைஃபிளிலிருந்து போகிற வேகத்தில் அது மிருகத்தின் உடம்புக்குள் பூ மாதிரி விரிந்து அங்கேயே நின்றுவிடும். விரியாத குண்டு பின்னல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். அப்படிப் போன குண்டு, சுட்டவன் பக்கத்தில் வரும்போது மீதியை விரித்துக்கொள்ளும், அவன் விலகினால் மூடிக்கொள்ளும். வனக்காவலர் ஒருவர் முன்பு, திருட்டு வேட்டை நடந்த இடத்தில் கிடைத்த மூன்று குண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிறு பிரார்த்தனைக்கு வருவார். பருவம் தப்பி மான் சுட்ட இரண்டு பேர் அந்த வருடமே வேறு சபைக்கு மாறினார்கள்.

வெர்னாவின் கணவன் ஆர்விட் நவம்பர் முதல் வாரத்தில், எல்க் மான் பருவத்தில், லார்ச் மரக் காட்டுக்குள் செத்துக் கிடந்தான். ஆரஞ்சு நிற வேட்டை அங்கியில் நெஞ்சிலும் முதுகிலும் ஒரே மாதிரி பென்சில் தடிமனில் ஓட்டைகள். பின்னாலிருந்த மரத்திலிருந்து குண்டைத் தோண்டி எடுத்தார்கள். மொட்டு மாதிரி மூடியிருந்தது. தூரத்து மலைமுகட்டில் யாரோ வெளியூர்க்காரன் சுட்டது, அவ்வளவு தூரம் வந்ததில் வேகம் குறைந்து விரியாமல் போயிருக்கிறது, விபத்து என்று எழுதி, ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரீஃப் அதை வெர்னாவிடமே கொடுத்துவிட்டார். ஆனால் அதே குண்டு பக்கத்திலிருந்து கைத்துப்பாக்கியில் வந்தாலும் வேகம் போதாமல் விரியாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவன் ஊரில் ஒருவன்தான்: ஆர்விடின் தம்பி ஓரின்.

ஓரின் தன் தோட்டாக்களைச் சமையலறை மேசையில் தானே வெடிமருந்து அளந்து நிரப்புவான். கைத்துப்பாக்கிக்கென்று மூக்கு மெத்தென்ற குண்டுகள் கிடைக்கும். அவன் வாங்கியதோ ரைஃபிள் குண்டுகள். பெட்டி மேல் விரிந்த செம்புப் பூவின் படம் இருந்ததுதான் காரணம். “அந்தப் படம் உன் பொம்மைத் துப்பாக்கிக்குப் போட்டதில்லடா. இந்த வேகத்துக்கு அது கண்ணே முழிக்காது” என்று ஆர்விட் எல்லார் முன்னாலும் சிரித்தான். விரியும் என்று காட்ட ஓரின் பத்துப் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டான். குண்டு பத்தையும் துளைத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் நின்ற ஆர்விடின் டிராக்டர் டயரையும் துளைத்தது. அந்தச் செப்டம்பரிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. சாவுக்கு வந்தபோது, துப்பாக்கி அக்டோபரிலேயே ஆற்றில் விழுந்துவிட்டது என்றான் ஓரின். விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெர்னா ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டு ஹக்கிள்பெரிப் பழம் வைத்த பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். மேசை நடுவில் சீசா. பாதிரியார் வந்தார், ஷெரீஃப் வந்தார், தபால் வண்டிக்காரர் இரண்டு தரம் வந்தார். சிலர் சீசாவைப் பார்த்தபடியே தட்டைத் தள்ளிவைத்தார்கள். ஒருவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். வந்த நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் குண்டு அசையவில்லை. ஓரின் மட்டும் வரவில்லை. அந்த மார்ச்சில் ஓரின் அவளுக்காக ஒரு வண்டி விறகைப் பாலத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன அன்றுதான் அது முதல்முறை அசைந்தது.

சுட்டது யார் என்பது அன்றோடு தெரிந்துபோயிற்று. ஷெரீஃபிடம் போ என்றாள் ஃபிலிஸ். வெர்னா போகவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. குண்டு முதலில் எதைக் கடித்ததோ அது குழியின் அடியில் அடைத்துக்கொண்டிருக்கும். அடியில் ஆரஞ்சு நூல் இருந்தால், அது நேராக ஆர்விடின் நெஞ்சுக்குப் போனது. எல்க் முடி இருந்தால், ஓரின் மானைத்தான் சுட்டிருக்கிறான், விரியாத குண்டு மானைத் தாண்டி, மறைவில் நின்ற அண்ணனைத் துளைத்திருக்கிறது. இப்போது மேலே தெரிவது, கடைசியாகக் கடித்த லார்ச் மரத்தூள் மட்டும். கம்பியால் கிளறிப் பார்த்தாள், ஊசியால் நெம்பிப் பார்த்தாள். ஓரின் வந்த தூரத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட அது திறக்கவில்லை. மான் கதை நிஜமென்றால் ஏன் சொல்லாமல் இருக்கிறான் என்று இரவில் கேட்டுக்கொள்வாள். சொன்னால் யார் நம்புவார்கள் என்று காலையில் பதிலும் சொல்லிக்கொள்வாள்.

முதல் வருடம் விறகு பாலத்தடியில் இறங்கியது. மூன்றாம் வருடம் தபால்பெட்டிக்குப் பக்கத்தில். போன வருடத்திலிருந்து வாசல் கேட்டில். சீசா சன்னலில் இருப்பதை அவனும் அறிவான், இறக்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான்.

இன்று பனி முழங்காலளவு. ஓரின் கேட்டைத் திறந்து, முதல் கட்டைச் சுமையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வராந்தாப் படிவரைக்கும் வந்துவிட்டான். சீசாவுக்குள் நாலாவது இதழ் பிரிந்து கண்ணாடியைத் தொட்டது. மரத்தூள் உதிர்ந்தது. அதற்குக் கீழே இன்னும் இருட்டு. ஃபிலிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சீசா மேல் குனிந்தாள்.

வெர்னா கதவைத் திறந்தாள். அவன் முதல்முறையாகச் சன்னலைப் பார்த்தான், பிறகு அவளை. தோளில் கட்டைகள் அப்படியே இருந்தன.

“விறகை அங்கயே போட்டுரு ஓரின்” என்றாள். “ஒரே ஒரு நிமிஷம் உள்ள வந்து இது பக்கத்துல நில்லு.”