போட்டுப் பார்க்காத கார்டு

ஸ்ஃபாக்ஸ் நகரில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைப்பவள் ரஃபீக்கா. எடுத்த படங்களைக் கல்யாண வீட்டிலேயே இறக்கிவைக்க, கைப்பையில் அடங்குகிற லேப்டாப் ஒன்று தேவைப்பட்டது. தம்பி நுஅமானைக் கடைக்குக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் என்றால் அவனுக்கு உயிர்.

வெள்ளையாக, ஒல்லியாக இருந்த ஒன்றை எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை.

"இதுல லினக்ஸ் ஏறும் தம்பி. கேமரா கார்டைச் செருகுற கார்டு ரீடர் ஓடுமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பென் டிரைவ்ல லினக்ஸ் வெச்சிருக்கேல்ல? போட்டுப் பாரு, நான் டீ சொல்றேன்" என்றார் கடைக்காரர் ஃபத்ஹி.

"அதெல்லாம் தானா எடுத்துக்கும் அண்ணே. பத்து வருஷமா இதுலதான் குப்பை கொட்டுறேன்."

"எனக்கு முக்கியமே அதுதாண்டா" என்றாள் ரஃபீக்கா.

"நீ படம் எடு அக்கா, மத்ததை என்கிட்ட விடு. கேமராவை லேப்டாப்போட மாட்டுற அந்தக் கேபிளைக்கூட இனிமே தூக்கிட்டு அலையாதே."

பென் டிரைவ் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. கால்மணி நேர வேலை. 'எனக்கும் தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தபோதும், அக்காவின் கேமராவில் இருந்த கார்டைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் கெர்கென்னா தீவில் இஷ்ராக் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். கடல் தாண்டி மார்சேயில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் ஒரே ஒரு நாள் லீவில் வந்து, தங்கையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியப் படகிலேயே திரும்பிவிட்டான். மாப்பிள்ளை ஊர்வலம் வருவதற்குள் ரஃபீக்காவின் இரண்டு கார்டும் நிரம்பிவிட்டன. லேப்டாப்பில் செருகினாள். ஒன்றும் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"எடுத்துட்டு மறுபடி போடு."

"போட்டேன். செத்த மாதிரி கிடக்கு."

"அப்ப அதுக்குன்னு தனியா டிரைவர் சாஃப்ட்வேர் இறக்கணும்... அங்க இன்டர்நெட் இருக்கா?"

"தண்ணியே விட்டு விட்டுத்தான் வருது. நீ வேற!"

மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. கேபிளும் வீட்டில். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து, கலங்கியவை என்று நினைத்த படங்களை அவசர அவசரமாக அழித்து இடம் பண்ணினாள். அவற்றோடு அண்ணன் தங்கை படங்களும் போய்விட்டன.

அழிந்ததை மீட்க நுஅமான் மூன்று நாள் மல்லுக்கட்டினான். அவற்றின் மேல் ஊர்வலப் படங்கள் ஏறியிருந்தன. ஒரே ஒரு படம் தேறியது, அதுவும் மேல்பாதி மட்டும்: வானம், பேரீச்சை ஓலை, கொஞ்சம் தலைமுடி.

அதை எடுத்துக்கொண்டு இருவருமாக இஷ்ராக் வீட்டுக்குப் போனார்கள். "என் தப்பு. அக்கா மேல ஒண்ணுமில்ல" என்றான்.

இஷ்ராக் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அண்ணனுக்கு இனிமே எப்ப லீவு கிடைக்குமோ" என்றாள்.

ஆறு மாதம் கழித்து நுஅமான் அக்கா வீட்டில் வேறொரு லேப்டாப் இருப்பதைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே அக்கா?"

"உனக்கு எதுக்குடா வீண் சிரமம்" என்றாள் ரஃபீக்கா, அவன் தட்டில் இருந்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தபடி. நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.